வில் வேட்டைக் கருவிகள்: சட்டம் எதுவரை, சொந்த விருப்பம் எதுவரை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வில் வேட்டைக்கான விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வகுக்கிறது. வில்லின் இழுவிசை, அம்பின் எடை, முனையின் அகலம், விளக்கு, பேட்டரி என்று பட்டியல் நீளும். "இதெல்லாம் அவரவர் விருப்பம், அரசுக்கு என்ன வேலை?" என்று ஒரு தரப்பு கேட்கும். "விதி இல்லாவிட்டால் கண்டதையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள்" என்று மறு தரப்பு சொல்லும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கின் உடலுக்குள் போகிற பொருளுக்குச் சட்டம் வேண்டும். வேட்டைக்காரரின் கையிலேயே நின்றுவிடுகிற பொருளைப் பெரும்பாலும் அவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். இந்தக் கோடு சில இடங்களில் மங்கலாகும். அங்கெல்லாம் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

அம்பு விலங்கை எப்படிக் கொல்கிறது? துப்பாக்கிக் குண்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

இது புரிந்தால் பாதி விவாதம் தீர்ந்துவிடும். அதிவேகத் துப்பாக்கிக் குண்டு தன் பாதையைச் சுற்றியுள்ள திசுவையும் சிதைக்கும். அம்பு அப்படிச் செய்யாது, அது வெட்டும். இரண்டு நுரையீரல்களையும் இதயத்தையும் பெரிய ரத்தக்குழாய்களையும் வெட்டினால் விலங்கு சில நொடிகளில் ரத்த அழுத்தம் இழந்து விழும். முனை மழுங்கியிருந்தால் ரத்தக்குழாய் வெட்டுப்படாமல் ஒதுங்கிக்கொள்ளும், அல்லது பிய்ந்த காயம் சீக்கிரம் உறைந்துவிடும். விலங்கு ஓடிப்போய் எங்கோ மெல்லச் சாகும்.

ஆகவே வில் எவ்வளவு வேகமானது என்பதைவிட முனை எவ்வளவு கூர்மையானது, அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்பவைதான் முக்கியம். அனுபவசாலிகள் ஒரு ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அதன்மேல் முனையை லேசாக வைத்துப் பார்ப்பார்கள். பட்டதும் அறுந்தால் சரி. அழுத்தித் தேய்த்தால்தான் அறுகிறது என்றால் அந்த முனை காட்டுக்குப் போகக் கூடாது. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புது முனைகூடச் சில நேரம் இதில் தேறாது.

அம்பு எங்கே பட்டது என்பதை ரத்தமே காட்டிக்கொடுக்கும். இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல். பச்சைக் கலங்கலும் நாற்றமும் இருந்தால் குடல். குடலில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. பல மணி நேரம் காத்திருந்துதான் தேடிப் போக வேண்டும். அத்தனை மணி நேரமும் அந்த மான் உயிரோடு கிடந்து துடிக்கும். கருவி விதிகள் எதற்கு என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

இப்போது நடைமுறையில் என்ன விதிகள் இருக்கின்றன?

மாதிரிக்குச் சில. கொலராடோவில் வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்ட் இருக்க வேண்டும், முனையின் அகலம் 7/8 அங்குலம், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர். ஐடஹோ 40 பவுண்ட் கேட்கிறது. அம்பும் முனையும் சேர்ந்து 300 கிரெயினுக்குக் குறையக் கூடாது. 300 கிரெயின் என்பது 19 கிராமுக்குச் சற்று மேல். அலாஸ்கா விலங்கின் பருமனைப் பார்க்கிறது. கரிபூ என்ற பனிமான், கருங்கரடி போன்றவற்றுக்கு 40 பவுண்ட். மூஸ் என்ற மிகப் பெரிய மான் வகை, பழுப்புக் கரடி, காட்டெருமை ஆகியவற்றுக்கு 50.

அலாஸ்காவின் அணுகுமுறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சின்ன மானுக்கும் அரை டன் மூஸுக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

"என் வில், என் அம்பு, என் பொறுப்பு." இதில் என்ன தவறு?

வில்லும் அம்பும் உங்களுடையவை, சரி. ஆனால் மான் உங்களுடையதல்ல. அமெரிக்கச் சட்ட மரபில் காட்டு விலங்கு பொதுச் சொத்து. மக்கள் சார்பில் மாநிலம் அதைப் பராமரிக்கிறது. முறைப்படி வேட்டையாடி எடுத்த பிறகே அது உங்கள் கைக்கு வருகிறது. அதற்கு முன்னால் அதை எப்படி எடுக்கலாம் என்று சொல்லும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.

இதோடு இன்னொரு வாதமும் வரும். "வில்லுக்கும் அம்புக்கும் வரி கட்டுகிறோம். அந்தப் பணம்தான் காட்டுயிர்த் துறைகளுக்குப் போகிறது. பிறகு எங்களையே கட்டுப்படுத்துவதா?" வரி பற்றிய பகுதி உண்மைதான். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் மத்திய கலால் வரி உண்டு. 1972இல் அதைத் திருத்தி வில் கருவிகளையும் சேர்த்தார்கள். வில் வேட்டைக்காரர்கள் இதில் பெருமைப்படலாம். ஆனால் சாலை வரி கட்டுகிறவருக்குப் பிரேக் இல்லாத வண்டியை ஓட்டும் உரிமை வந்துவிடுவதில்லை.

தனிவிருப்பத் தரப்பு சொல்வதில் ஒன்று மட்டும் முழு உண்மை. நல்ல வேட்டைக்காரர் எந்த விதியும் கேட்பதைவிட அதிகமாகவே தன்னிடம் கேட்டுக்கொள்வார். சட்டம் அவருக்காக எழுதப்படுவதில்லை. சீசன் தொடங்கும் முந்தின நாள் மாலை பரணிலிருந்து வில்லை இறக்குகிறவருக்காக எழுதப்படுகிறது.

இழுவிசையைப் பவுண்டில் அளப்பது சரியான அளவுகோலா?

பழைய காலத்தில் ஓரளவு சரி. இன்று போதாது.

இழுவிசை என்பது நாணை இழுக்க வேண்டிய பலம். அம்புக்குப் போய்ச்சேரும் ஆற்றல் அதோடு வேறு பலவற்றையும் பொறுத்தது. எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள், இழுப்பு முழுக்க விசை எப்படிப் பரவுகிறது, அம்பின் எடை என்ன என்பதெல்லாம் அதில் சேரும். நுனிகளில் கப்பி வைத்த இன்றைய 50 பவுண்ட் காம்பவுண்ட் வில், 60 பவுண்ட் பழைய பாணி நீள்வில்லைவிட அதிக ஆற்றலைக் கொடுத்துவிடும். விதிப்புத்தகத்தில் 60தான் பெரிய எண்.

அம்பின் எடையைப் பாருங்கள். 400 கிரெயின் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 70 அடி-பவுண்ட், மானுக்குத் தாராளம். அதே வில்லில் எடை குறைந்த அம்பைப் பூட்டினால் வேகம் கூடும். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், விளம்பரத்தில் போடவும் வசதி. ஆனால் எலும்பில் பட்டதும் முன்னே தள்ளிக்கொண்டு போகும் உந்தம் குறைந்துவிடும். கனமான அம்பு மெதுவாகப் போனாலும் ஆழம் போகும். வில்லின் சத்தமும் குறையும். வில்லுக்கும் அது நல்லது: மிக இலேசான அம்பை எய்தால் வில் உறிஞ்சிக்கொள்ளும் அதிர்ச்சியில் அதன் வளையும் தண்டுகளே உடைந்துபோகலாம்.

ஒரே ஒரு எண்ணைத்தான் சட்டத்தில் எழுத முடியும் என்றால் நான் இழுவிசையை விட்டுவிட்டு அம்பின் குறைந்தபட்ச எடையை எழுதுவேன். இரண்டு எண்களுக்கு இடம் இருந்தால் முனையின் அகலம் இரண்டாவது.

விரியும் முனைகளைத் தடை செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஆனால் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தடை கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மெக்கானிக்கல் பிராட்ஹெட் எனப்படும் விரியும் முனையில் பறக்கும்போது கத்திகள் மடங்கியிருக்கும். உடலில் பட்டதும் விரியும். காற்றில் நேராகப் பறக்கும், வெட்டும் அகலமும் அதிகம். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாகும். சாய்வாகப் பட்டால் ஒரு கத்தி விரியாமலே போகலாம். விலா எலும்பைத் தாண்டுமுன் மெலிந்த கத்தி வளையலாம். இந்த அச்சத்தில்தான் ஓரிகன், ஐடஹோ போன்ற மாநிலங்கள் நெடுங்காலம் இவற்றைத் தடை செய்து வைத்திருந்தன.

கள அனுபவம் வேறு மாதிரி சொல்கிறது. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் வில் வேட்டையைப் பல ஆண்டுகள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளில், கத்திகள் மடங்காத நிலையான முனை பட்ட மான்களில் சுமார் 82 சதவீதம் கைக்குக் கிடைத்தன. விரியும் முனையில் அது சுமார் 91 சதவீதம். அங்கே வேட்டையாடியவர்கள் எல்லோரும் பயிற்சி வகுப்பும் குறிபார்ப்புத் தேர்வும் முடித்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வெள்ளைவால் மானுக்குக் கிடைத்த முடிவு மூஸுக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

ஆக, முழுத்தடைக்கு ஆதாரம் இல்லை. குறைந்த இழுவிசை வில்லில் விரியும் முனை கூடாது என்றோ, மிகப் பெரிய விலங்குகளுக்குக் கூடாது என்றோ எழுதினால் அது அறிவுள்ள விதி. 40 பவுண்ட் வில் வைத்திருப்பவருக்கு, பட்டவுடனேயே வெட்டத் தொடங்கும் இரட்டைக் கத்தி நிலைமுனைதான் ஏற்றது. இதைக் கடைக்காரர் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

முள் வைத்த முனை, மருந்து தடவிய முனை, வெடிக்கும் முனை?

மூன்றும் கூடாது. முள் முனை பிழைக்கக்கூடிய காயத்திலிருந்தும் அம்பை வெளியே வர விடாது. பல மாநிலங்களில் இதற்கு ஏற்கெனவே தடை இருக்கிறது.

மருந்து பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சக்சினைல்கோலின் என்ற தசைமுடக்கி மருந்தை அம்பில் வைத்து எய்யும் பழக்கம் மிசிசிப்பியில் இருந்தது. மான் தப்பி ஓடித் தொலைந்துபோகாது, ஆகவே இது இரக்கமானது என்பது அவர்கள் வாதம். அந்த மருந்து தசைகளை முடக்கும், நினைவையோ வலியையோ போக்காது. மூச்சுவிட முடியாமல், எல்லாம் உணர்ந்தபடி சாவதை இரக்கம் என்று என்னால் ஏற்க முடியாது. தவறி விரலில் குத்திக்கொண்டால் மனிதருக்கும் அதே கதிதான்.

காம்பவுண்ட் வில், அதிக லெட்-ஆஃப்: இவற்றுக்குக் கட்டுப்பாடு தேவையா?

தேவையில்லை. மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டார், 1969இல் கிடைத்தது. அது வந்தபோது "இது வில்லே அல்ல" என்று சொன்னவர்கள் ஏராளம். இன்று பெரும்பாலோர் கையில் அதுதான் இருக்கிறது.

லெட்-ஆஃப் என்பது முழுதாக இழுத்த பிறகு கையில் நிற்கும் பாரம் எவ்வளவு குறைகிறது என்பது. 70 பவுண்ட் வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் என்றால் குறிபார்த்து நிற்கும்போது 14 பவுண்டைத்தான் தாங்குகிறீர்கள். கை நடுங்காது, மான் சரியாகத் திரும்பும்வரை காத்திருக்கலாம். இதனால் விலங்குக்கு நன்மையே தவிரத் தீங்கில்லை. இதற்கு வரம்பு வைப்பது, வேட்டை கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே வைக்கும் வரம்பு.

கடினமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறல்ல. அதற்கு உரிய இடம் வேறு. 1961இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப் வில்லால் எடுத்த பெரிய விலங்குகளின் பதிவேட்டை வைத்திருக்கிறது. 65 சதவீதத்துக்கு மேல் லெட்-ஆஃப் உள்ள வில்லால் எடுத்தவற்றை நெடுங்காலம் அது பதிவேட்டில் ஏற்கவில்லை; பிறகு அடையாளக் குறியோடு ஏற்றுக்கொண்டது. ஒரு கிளப் தன் உறுப்பினர்களுக்கு இப்படிக் கறாராக இருக்கலாம். பிடிக்காதவர் சேர வேண்டியதில்லை. அபராதமும் உரிமம் பறிப்பும் கையில் வைத்திருக்கும் அரசு அதே கறாரைக் காட்ட, இதைவிடப் பலமான காரணம் வேண்டும்.

பேட்டரியில் இயங்கும் கருவிகள்?

எல்லாவற்றையும் "எலெக்ட்ரானிக்" என்று ஒரே கூடையில் போட்டதுதான் பிழை.

ஒளிரும் நாக் (nock), அதாவது நாணில் பொருத்தும் வால்முனைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பின் வால்முனையில் ஒரு சின்ன விளக்கு, நாண் விட்டதும் எரியும். அம்பு எங்கே பட்டது என்று மங்கிய வெளிச்சத்திலும் தெரியும், பாய்ந்து வெளியேறிய அம்பைத் தேடி எடுத்து ரத்தத்தின் நிறத்தைப் பார்க்கலாம். மானைக் கண்டுபிடிக்க உதவுவதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்படாது. குறிபார்க்கத் துளியும் உதவாது. இதைப் பல மாநிலங்கள் வருடக்கணக்கில் தடை செய்திருந்தன. போப் அண்ட் யங்கே 2014இல் ஏற்றுக்கொண்டது.

தூரத்தைத் தானே அளந்து, எங்கே குறிவைக்க வேண்டும் என்று புள்ளியும் காட்டும் சைட், அதாவது வில்லில் பொருத்தும் குறிபார்ப்புக் கருவி, வேறு விஷயம். 2018இல் கார்மின் நிறுவனம் இப்படி ஒன்றை வெளியிட்டது. நான் சொன்ன கோடு மங்குகிற இடம் இதுதான். கருவி கையில்தான் இருக்கிறது. ஆனால் 25 மீட்டரோடு நிறுத்திக்கொண்டிருந்த ஒருவருக்கு 60 மீட்டரிலும் எய்யலாம் என்ற துணிச்சலைக் கொடுத்துவிடுகிறது. தூரத்தைத் தவறாக ஊகிப்பதால் வரும் காயங்களைக் குறைக்கும் என்று மறு தரப்பு சொல்வதும் உண்மை. வில்லுக்கான தனி சீசனில் இதற்குத் தடை இருப்பதை நான் எதிர்க்க மாட்டேன். அதே வேலையைக் கழுத்தில் தொங்கும் சாதாரணத் தூரமானியால் செய்துகொள்ளலாம்.

எத்தனை மீட்டர் தூரம்வரை எய்யலாம் என்று சட்டம் சொல்ல முடியுமா?

சொன்னாலும் காட்டுக்குள் யார் டேப் பிடித்து அளப்பது? ஆனாலும் காயப்பட்டுத் தப்பும் விலங்குகளுக்கு வில்லைவிட, முனையைவிட, தூரம்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

அம்பு நொடிக்கு 80 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாண் விடும் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகும். 18 மீட்டரில் நிற்கும் மானுக்குச் சத்தம் கேட்டதற்கும் அம்பு வந்ததற்கும் இடையில் கால் நொடிகூட இருக்காது. 36 மீட்டரில் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். விழிப்பாக இருக்கும் மான் பாய்ந்தோடுவதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழும். நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுத்தண்டுக்கு மேலே போய் நிற்கும். 55 மீட்டரில் அரை நொடி. அதற்குள் மான் ஓர் அடி எடுத்துவைத்தாலே நெஞ்சுக்குப் போக வேண்டிய அம்பு வயிற்றுக்குப் போகும்.

எந்தக் காம்பவுண்டும் ஒலியை முந்தாது. விலைகூடிய வில் வாங்கினால் தூரமும் கூடிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கிராஸ்போ?

துப்பாக்கி போன்ற கட்டையில் கிடையாகப் பொருத்தி, விசையை அழுத்தி எய்யும் வில் இது. கருவி என்ற அளவில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்பு நன்றாகப் பாயும், குறி தப்புவது குறைவு. சச்சரவு சீசனைப் பற்றியது. 1934இல் விஸ்கான்சின் வில்லுக்கென்று தனி மான் சீசன் ஒதுக்கியது. வில்லால் எடுப்பது கடினம், ஆகவே எண்ணிக்கை குறையாது என்ற நம்பிக்கையில்தான் மற்ற மாநிலங்களும் நீண்ட வில் சீசன்களைக் கொடுத்தன. கிராஸ்போவைப் பழக அவ்வளவு காலம் ஆகாது. நிறையப் பேர் வந்து நிறைய மான்களை எடுத்தால் சீசன் சுருங்கும். ஆனால் இது எண்ணிக்கைப் பிரச்சினை. உரிமங்களின் எண்ணிக்கையையோ நாட்களையோ மாற்றித் தீர்க்கலாம். மான் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும் இடங்களில் பிரச்சினையே இல்லை.

தோள்பட்டையில் அடிபட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கிராஸ்போ அனுமதியைப் பல மாநிலங்கள் தருகின்றன. எங்கும் தர வேண்டும்.

காற்றழுத்தத்தில் அம்பு எய்யும் துப்பாக்கி?

நாண் இல்லை, இழுப்பு இல்லை, விசையை அழுத்தினால் அம்பு போகும். அதைத் துப்பாக்கி சீசனில் சேருங்கள். வில் சீசனில் வேண்டாம்.

இழுவிசை வரம்பு பெண்களையும் இளையவர்களையும் ஒதுக்கிவிடாதா?

ஒதுக்கும், அதுவும் காரணமே இல்லாமல். 38 பவுண்ட் வில், நல்ல எடையுள்ள அம்பு, கூரான இரட்டைக் கத்தி முனை, 15 மீட்டர் தூரம்: இந்தச் சேர்க்கையால் மானை நொடிகளில் வீழ்த்த முடியும். 70 பவுண்ட் வில்லை முக்கி முனகி வானத்தைப் பார்த்து இழுக்கிறவரைவிட இவர் நம்பகமானவர். இழுவிசையைவிட அம்பின் எடையைப் பாருங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவியை விட்டுவிட்டு ஆளைச் சோதித்தால் என்ன?

இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ஆளைச் சோதிப்பதையே தேர்ந்தெடுப்பேன். டென்மார்க்கில் வில்லால் வேட்டையாடத் தனியாகக் குறிபார்ப்புச் சோதனையில் தேற வேண்டும். அமெரிக்காவில் அப்படிப் பொதுவான கட்டாயம் இல்லை. வேட்டைக் கல்வி வகுப்பு உண்டு. வில்லுக்கென்று தனி வகுப்பைச் சில மாநிலங்கள் கேட்கின்றன. அம்பை எய்து காட்டச் சொல்வது அரிது.

ஆனால் தேர்வு வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மேலே சொன்ன மேரிலாந்துத் தளத்தில் தேர்வு முடித்தவர்கள் எய்ததிலும், 1989 முதல் 2006 வரையிலான கணக்கில், அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் கிடைக்கவில்லை. தேர்ந்தவர்களிடமே இந்த எண் என்றால், தேர்வே இல்லாத இடத்தில் கருவிக்கும் விதி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியென்றால் வில் வேட்டையையே தடை செய்துவிடலாமே?

பிரிட்டனில் வில்லாலும் கிராஸ்போவாலும் காட்டு விலங்குகளைக் கொல்வது குற்றம். ஜெர்மனியின் வேட்டைச் சட்டமும் மான், காட்டுப்பன்றி போன்றவற்றை அம்பால் எய்ய அனுமதிப்பதில்லை. அந்த நாடுகளின் முடிவை மதிக்கிறேன், ஏற்கவில்லை. துப்பாக்கி பயன்படுத்த முடியாத புறநகர்ப் பகுதிகளில் பெருகிவிட்ட மான்களைக் கட்டுப்படுத்த அமெரிக்க ஊர்கள் பல வில்லைத்தான் நம்பியிருக்கின்றன. துப்பாக்கியாலும் விலங்குகள் காயப்பட்டுத் தப்புகின்றன, அங்கும் விதி போட்டுத்தான் சரிசெய்கிறோம்.

விதி போட்டால் காட்டுக்குள் யார் சோதிப்பது?

சோதிக்க எளிதான விதியைப் போட வேண்டும். 7/8 அங்குலத் துளை உள்ள ஒரு தகடு போதும், அதற்குள் நுழைந்துவிடும் முனை சட்டவிரோதம். அம்பின் எடைக்குச் சட்டைப்பையில் அடங்கும் தராசு இருக்கிறது. லெட்-ஆஃப் சதவீதத்தைக் காட்டில் வைத்து அளப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். அம்பைச் சோதிப்பது எளிது, வில்லைச் சோதிப்பது கடினம்.

வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அந்த மாநிலத்தின் அந்த ஆண்டுக்கான விதிப்புத்தகத்தைப் படியுங்கள். போன ஆண்டுடையதோ, நண்பர் சொன்னதோ உதவாது. முனையின் வகை, அகலம், அம்பின் மொத்த எடை, வில்லில் பொருத்திய பேட்டரிக் கருவிகள், லெட்-ஆஃப் என்ற வரிசையில் பாருங்கள். சந்தேகம் வருவது பெரும்பாலும் விரியும் முனையிலும் விளக்கிலும்தான். ஒரு செட் நிலைமுனைகளையும் விளக்கில்லாத வால்முனைத் துண்டுகளையும் கூடவே எடுத்துப் போங்கள். போய் இறங்கியதும் அதே முனைகளைப் பூட்டி இலக்கில் எய்து பாருங்கள், ஏனென்றால் முனை மாறினால் அம்பு விழும் இடமும் மாறும். கார்பன் அம்புகளை ஒவ்வொன்றாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். லேசாக நொறுங்கும் சத்தம் வந்தால் அந்த அம்பை ஒடித்துப் போட்டுவிடுங்கள்.